பிரையோசோவா: புதைபடிவச் சீட்டுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும்

மண்டபத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்சிப்பேழையில் அரியலூர்க் கிரெட்டேசியப் (டைனோசர் காலத்தின் கடைப்பகுதி) படிவங்கள் சில வைக்கிறோம். அவற்றில் ஒன்று பிரையோசோவா, திரளாக வாழும் சிறு நீர்விலங்கு. வெள்ளிக்கிழமை சீட்டு அச்சுக்குப் போகிறது. கிரேக்கத்தில் ‘பிரையோன்’ பாசி, ‘சோவோன்’ விலங்கு. ‘பாசிவிலங்கு’ எனப் போட்டுவிடலாமா?

கீழக்கரையிலிருந்து:
வேண்டாம் ஐயா. நம் கரையில் பாசி என்றால் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி. பெண்கள் முக்குளித்து எடுப்பது. பிள்ளைகள் இதையும் செடி என்றே நினைப்பார்கள். அரை மில்லிமீட்டர் அளவே உள்ள உயிர்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, ஒவ்வொன்றும் தனக்கொரு சுண்ணாம்பு அறை கட்டுகிறது. பத்து மடங்கு கைலென்சில் அந்த அறைவாய்கள் தெரியும். ‘அறையுயிரி’ என்பதே சரி.

தேவிபட்டினத்திலிருந்து:
பாசியை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். குறுந்தொகை 399இல் கேணிப் பாசி தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவுகிறது. சிப்பி ஓட்டின்மேல் இவை படர்வதைக் கண்டவர் வேறு சொல் தேடமாட்டார். பசு, பச்சை, பசலை, பாசி எல்லாம் ஒரே வேர். பாசிமணியும் பாசிதானே; கோத்த மணிபோல் நிற்கும் அறைகளுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

கீழக்கரையிலிருந்து:
பசுமைதான் வேர் என்றால் சிக்கல் இன்னும் கூடும்; பேழையில் இருப்பது பழுப்புக் கல். 1831இல் இயற்கையியலாளர் எஹ்ரென்பெர்க் வைத்த ‘பிரையோசோவா’ என்ற பெயருக்கு நாம் கட்டுப்படவும் தேவையில்லை. அதற்கு முந்தைய ஆண்டே தாம்சன் ‘பாலிசோவா’ என்றார். தென்னிந்தியக் கிரெட்டேசியப் படிவங்களை 1872இல் விவரித்த ஸ்டோலிச்கா ‘சீலியோபோடா’ என்று எழுதினார். அவர் பெயருக்கு அடையாளமாகப் பிடித்தது உணர்கொம்பிலுள்ள குற்றிழையை (நுண்மயிரை). ஆனால் குற்றிழை கல்லில் எஞ்சுவதில்லை, அறைதான் எஞ்சுகிறது.

பாம்பனிலிருந்து:
கீழக்கரை அம்மா சொல்வது சரி, ஆனால் பக்கத்துத் தட்டில் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரி இருக்கிறதே! அதன் கூட்டுப் பகுதிகளையும் அறை என்றுதான் எழுதுகிறோம். ‘திரளறையுயிரி’ என்றால் குழப்பம் தீரும்.
பெயர் எதுவானாலும் பேழையைக் கவனியுங்கள். பிளைவுட் வேண்டாம். அதன் பசையும் மரமும் விடும் அமில ஆவி, நம் கடற்கரை ஈரத்தில் சுண்ணாம்பைத் தின்று வெள்ளை உப்பாய்ப் பூக்கும். இரும்புத் தட்டும் அமிலமற்ற காகிதமும் போதும். மண்ணை நீக்க வினிகர் தொடவே கூடாது. அறைவாயின் நுண்விளிம்பு முதலில் கரையும், இனத்தைக் கண்டறிய வழியே இருக்காது. தண்ணீரும் மென்தூரிகையும் மட்டும்.

மண்டபத்திலிருந்து:
மூன்றங்குலச் சீட்டில் ‘திரளறையுயிரி’ அடங்கவில்லை. பெரும்பாலோர் ஏற்றபடி ‘அறையுயிரி (பிரையோசோவா)’ என அனுப்புகிறேன். பவளத்துக்கு வாயும் கழிவுத்துளையும் ஒன்றே, இதற்கு வெவ்வேறு என்ற வரியையும் சேர்த்துவிட்டேன்.

தேவிபட்டினத்திலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு ‘பாசிவிலங்கு’க்கான சான்றுகளோடு வருகிறேன்.