ஏர் கன் சுத்துது, ஆனா நட்டு கழல மாட்டேங்குது

சிப்புட் டயர்கடை:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல, தோட்டத்துக்குத் திரும்புற முனையில டயர் கடை வச்சு எட்டு மாசம் ஆச்சு. மேனேஜர் ஹைலக்ஸ், தோட்ட ஆபீஸ் கிளார்க், அதான் கிராணிமாருங்க காரு, ஆளுங்களை ஏத்துற வேன், இதுதான் நம்ம வியாபாரம். அரை இன்ச் ஏர் கன் வாங்கின புதுசுல எந்த நட்டா இருந்தாலும் ரெண்டு செகண்டுல கழட்டிடும். இப்ப சும்மா சுத்துறப்போ நல்லா சத்தம் போடுது, நட்டுல வச்சா நாலு தட்டு தட்டிட்டு நின்னுடுது. காலையில முதல் தடவை அசையவே மாட்டேங்குது, பக்கவாட்டுல ஸ்பேனரால லேசா தட்டினாத்தான் கிளம்பும். பிரஷரை 90 பிஎஸ்ஐலேருந்து 130க்கு ஏத்திப் பார்த்தேன். டீசல் இன்ஜின் எண்ணெய் கொஞ்சம் விட்டேன், ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு, அப்புறம் முன்னைவிட மோசம். வேற கன் வாங்கிடலாமா?

ஈப்போ பையன்:
எனக்கும் இப்படித்தான் ஆச்சு அண்ணே. துரு எடுக்குற ஸ்ப்ரே அடிச்சேன், சரியாயிடுச்சு.

பழைய ஃபிட்டர்:
தம்பி, கன் வாங்குற காசை எடுக்காதீங்க. தட்டினா கிளம்புதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே விஷயம் வந்துடுச்சு. உள்ள சுத்துற உருளை, அதான் ரோட்டர், அதுல வெட்டின காடியில மெல்லிசா பிளேடுங்க நிக்கும். சுத்தும்போது அதுங்க வெளிய சறுக்கி வந்து சிலிண்டர் சுவரை ஒட்டினாத்தான் காத்து அதைப் பிடிச்சுத் தள்ளும். உங்க பிளேடு காடியிலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது.

ஒட்ட வச்சது தண்ணி. நம்ம ஊர்க் காத்துல 30 டிகிரியில, 80 சதவீத ஈரப்பதத்துல, ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கும். கம்பிரசர் 7 பாருக்கு ஏத்தும்போது எட்டு கன மீட்டர் காத்தை ஒண்ணுல அடைக்குது. 190 கிராம் உள்ள போகுது, ஆறினதும் 30 கிராம்தான் ஆவியா நிக்க முடியும். மிச்சம் எல்லாம் டாங்கி அடியிலயும் ஹோஸ்லயும் கன்னுக்குள்ளயும்தான். டாங்கி அடி வால்வைக் கடைசியா எப்பத் திறந்தீங்க?

இன்ஜின் எண்ணெய் கெட்டி. அதுல இருக்குற அழுக்குப் பிரிக்கிற மருந்து தண்ணியோட கலந்து சாம்பல் நிறத்துல களிம்பாயிடும். பிளேடை விரல்ல எடுத்துப் பார்த்தா வழுக்காது, பிசுபிசுன்னு இழுக்கும். ஸ்ப்ரே அந்தப் பிசுக்கைக் கரைக்கும், அதனாலதான் ஈப்போ தம்பிக்கு ஓடிச்சு. ஆனா அது இருந்த எண்ணெயையும் சேர்த்துக் கழுவிடும், பின்னால எண்ணெய் விடலைன்னா பிளேடு காய்ஞ்சு தேயும்.

இப்படிப் பண்ணுங்க. ஹோஸைக் கழட்டுங்க. காத்து நுழையுற வாயில ஒரு டீஸ்பூன் மண்ணெண்ணெய் விட்டு, டிரிகரை அமுக்கிக்கிட்டே கையால சாக்கெட் முனையை ரெண்டு பக்கமும் திருப்புங்க. ஹோஸை மாட்டி, காத்து வெளிய வர்ற வாசலைத் துணிக்கு நேராப் பிடிச்சுக் கொஞ்சம் ஓட்டுங்க. வெல்டிங் நடக்குற இடத்துல வேண்டாம், முகத்துக்கு நேராவும் வேண்டாம். துணியில கருப்பு வர்றது நிக்கிற வரைக்கும் திரும்பச் செய்யுங்க. உடனே ஏர் டூல் எண்ணெய், கெட்டித்தன்மை நம்பர் ஐஎஸ்ஓ 22 இல்லைன்னா 32, அஞ்சாறு சொட்டு. இனிமே வேலை ஆரம்பிக்கிறப்போ நாலு சொட்டு, கடை சாத்துறப்போ நாலு சொட்டு.

சாயங்காலச் சொட்டைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. நான் மில்லுல சேர்ந்த வருஷம் தீபாவளி லீவுக்குக் கன்னை அப்படியே கொக்கியில மாட்டிட்டுப் போனேன். திரும்பி வந்தா ரோட்டர் துருவுல இறுகிப்போச்சு. ஃபோர்மேன் எதுவும் சொல்லலை, பிரிச்ச சாமானைத் தட்டுல போட்டு என் முன்னால வச்சார். ஒரு வாரம் அதைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்.

130ஐ இறக்குங்க. கன்னுக்குள்ள முன்பக்கம் தட்டுற சுத்தியல் பகுதி உடையலாம், சாக்கெட்டும் வெடிக்கலாம். 90ங்கிறது கன் வாயில, டிரிகரை அமுக்கியிருக்கும்போது காட்ட வேண்டிய கணக்கு. கால் இன்ச் ஹோஸா இருந்தா அங்கேயே பாதி பலம் போயிடும், எட்டில் மூணு இன்ச் ஹோஸ் போடுங்க. முன்பக்கச் சுத்தியலுக்கு இந்த எண்ணெய் போய்ச் சேராது, அதுக்குக் கிரீஸ் தனி.

சிப்புட் டயர்கடை:
அண்ணே, வால்வைத் திறந்தேன். முதல்ல தண்ணி, அப்புறம் தேத்தண்ணி நிறத்துல, கடைசியில துருச் சேறு. பெயிண்ட் டின்னுல பாதிக்கு மேல வந்துச்சு. எட்டு மாசமா ஒரு தடவையும் திறக்கலை. மண்ணெண்ணெய் நாலு தடவை ஓட்டினேன், இன்னிக்குக் காலையில தட்டாமலே கிளம்பிடுச்சு. லைன்ல தானாச் சொட்டு விடுற லூப்ரிகேட்டர் மாட்டினா கையால விட வேண்டியதில்லையா?

பழைய ஃபிட்டர்:
மாட்டலாம், ஆனா அதே ஹோஸ்ல டயருக்குக் காத்து அடிக்கக்கூடாது, எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. தண்ணி பிரிக்கிற ஃபில்டருக்கு அப்புறம் லைனை ரெண்டாப் பிரிங்க. ஒண்ணு நேரா டயருக்கு, இன்னொண்ணு லூப்ரிகேட்டர் வழியாக் கன்னுக்கு. ஃபில்டரைக் கம்பிரசரை ஒட்டி வைக்காதீங்க, சூடான காத்துல தண்ணி பிரியாது. சுவரோரமா நீளமாக் குழாய் ஓட்டி, ஆறின இடத்துல வைங்க. டாங்கி வால்வு தினமும் சாயங்காலம்.

சிப்புட் டயர்கடை:
சரிண்ணே. ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னிக்குக் குழாய் ஓட்டிடுறேன்.