பதில்: ஃபிரிக்‌ஷன் கியர், இண்டெக்ஸ் கியர் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. தனித்தனியாகப் பதில் எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். பழைய ரேஸ் சைக்கிள்களை மீட்டெடுப்பது பற்றிய கையேட்டுக்குச் சொல் கேட்டுத்தான் பேச்சு தொடங்கியது. ஃபிரிக்‌ஷன் என்றால் நெம்புகோலை எங்கே நிறுத்துவது என்று கையே முடிவெடுக்கும் முறை; இண்டெக்ஸ் என்றால் அளந்து வைத்த தூரம் படிப்படியாக நகர்ந்து கியர் மாறும் முறை. இதுவரை வந்த இணைகள் நான்கு: உராய்வுக் கியர் – சுட்டுக் கியர், பழைய கியர் – புதிய கியர், படியிலாக் கியர் – படிக் கியர், சொடுக்கிலாக் கியர் – சொடுக்குக் கியர். நான் முன்வைப்பது கைப்பதக் கியர், படிக் கியர். சொல்லுக்குச் சண்டை போடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். பாதிப் பரிந்துரைகள் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பிறந்தவை, சைக்கிளைப் பார்த்து அல்ல.

கம்பாக்னோலோ நிறுவனத்தின் நுவோவோ ரெக்கார்ட் கியர் கருவி பூட்டிய 1970களின் இத்தாலிய ரேஸ் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கியர் நெம்புகோல்கள் ஹேண்டில்பாரில் இருக்காது. ஹேண்டில் தலையிலிருந்து பெடல் அச்சை நோக்கிச் சரிந்து இறங்குகிறதே ஒரு குழாய், அதன் இரு பக்கமும் விரல் நீளத்துக்கு ஒவ்வொன்று இருக்கும். ஓடிக்கொண்டே வலது கையைக் கீழே இறக்கி, நெம்புகோலைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் கேபிள் இறுகும், பின்னால் இருக்கும் கருவி சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தின் பக்கம் தள்ளும். எவ்வளவு இழுப்பது? அதைச் சொல்ல நெம்புகோலில் எந்தக் குறியும் கிடையாது. தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, சங்கிலி ஏறியதும் ஒரு மயிரிழை திருப்பி விட வேண்டும். கறகற சத்தம் நின்றால் சங்கிலி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். காது சொல்வதைக் கை கேட்கிறது, அவ்வளவுதான்.

இதில் உராய்வு எங்கே வருகிறது? பின்கருவியின் ஸ்பிரிங் எப்போதும் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நெம்புகோலுக்கு அடியில் இறுக்கிய வாஷர்கள் அந்த இழுப்பை எதிர்த்து நெம்புகோலை விட்ட இடத்தில் நிறுத்துகின்றன. அந்தத் திருகின் தலையில் அரைவட்ட வளையம் ஒன்று மடிந்து கிடக்கும். ஓட்டும்போதே விரலால் நிமிர்த்தி இறுக்கிக்கொள்வதற்காக வைத்தது. அது தளர்ந்தால், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் நேரம் பார்த்து நெம்புகோல் தானாக நழுவி, சங்கிலி சின்னப் பல்சக்கரத்தில் போய் விழும். அப்போது வாயில் வரும் சொற்கள் எந்தக் கலைச்சொல் அகராதியிலும் ஏறாது.

ஆக, உராய்வின் வேலை பிடித்து நிறுத்துவது மட்டுமே. எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பது கை. 'உராய்வுக் கியர்' என்றால் காவல்காரன் பெயரை வீட்டுக்காரனுக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பொறியியலில் உராய்வால் திறன் கடத்தும் சக்கரங்கள் என்று உண்மையிலேயே தனியாக ஒன்று இருக்கிறது. பல்லே இல்லாமல், ஒரு சக்கரத்தின் விளிம்பு மற்றதன் விளிம்பில் அழுந்தி அதைச் சுழற்றும். 'உராய்வுக் கியர்' என்ற பெயர் நியாயமாக அதற்குத்தான் சேர வேண்டும்.

> 'சுட்டுக் கியர்' என்பதில் என்ன தவறு? இண்டெக்ஸ் என்றால் சுட்டுதானே?

புத்தகத்தின் கடைசியில் வரும் இண்டெக்ஸுக்குச் சரி. இங்கே யாரும் எதையும் சுட்டவில்லை. பேச்சுத் தமிழில் 'சுட்ட சைக்கிள்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழைய சைக்கிள் வாங்கி விற்பவர்கள் கையேட்டில் அந்தச் சொல் வேண்டாமே.

> 'பழைய கியர்', 'புதிய கியர்' என்றாலே எல்லோருக்கும் புரியுமே. எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் படிக் கியரை டூரா-ஏஸ் 7400 வரிசையில் 1984இல் கொண்டுவந்தது. இத்தாலியில் டஸ்கனியின் காயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் லெரோயிகா ஓட்டத்தில் பழைய சைக்கிள்களுக்குத்தான் இடம். அவர்கள் வைத்திருக்கும் எல்லை ஆண்டு 1987. கியர் நெம்புகோல் அந்தச் சரிவுக் குழாயில் இருக்க வேண்டும், பெடலில் கால்விரலைப் பிடிக்கும் கூண்டும் வாரும் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே தொங்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. அதாவது 'பழைய' என்ற எல்லைக்குள்ளேயே படிக் கியர் பிறந்துவிட்டது. மறுபக்கம், கைப்பதத்தால் மாற்றும் நெம்புகோல்கள் இன்றும் புதிதாக விற்பனைக்கு வருகின்றன. தொலைதூரம் போகும் சைக்கிள்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷிமானோவின் அந்த முதல் தலைமுறை நெம்புகோல்களில் ஒரு திருப்பி உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் படிப்படியாக மாறும், மறுபக்கம் திருப்பினால் படி நீங்கிக் கையின் போக்குக்கு வரும். ஒரே நெம்புகோலில் இரண்டு முறை! இதற்குக் குறிப்பு எழுதும்போது 'பழையதிலிருந்து புதியதற்குத் திருப்புக' என்றா எழுதுவது?

சரி, 'சொடுக்கு'. முதலில் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது. கணினிச் சுட்டியில் பழகிய சொல், சத்தத்தையும் சொல்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. ஜப்பானின் சன்டூர் நிறுவனம் 'பவர் ராச்செட்' என்று நெம்புகோல் செய்தது. இழுக்கும்போது உள்ளே நுண்ணிய பற்கள் கிர்ரென்று தட்டும், நன்றாகவே சொடுக்கும். அந்தப் பற்களுக்கும் பின்சக்கரத்தின் பல்சக்கரங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கணக்குப் பார்த்தால் அது கைப்பத வகைதான். எதிர்ப்பக்கத்தில் 2009இல் வந்த ஷிமானோவின் டி.ஐ.2 என்ற மின் கியர். அதில் இழுபடும் கேபிளும் இல்லை, இழுக்கும் நெம்புகோலும் இல்லை. பொத்தானை அழுத்தினால் பின்னால் இருக்கும் சின்ன மோட்டார் அளந்து வைத்த தூரம் நகர்கிறது. சொடுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது படிக் கியர்தான். அளந்து வைத்த தூரம் என்பதுதான் இங்கே உயிர். அதை 'படி' சொல்கிறது, 'சொடுக்கு' சொல்லவில்லை. படி நெம்புகோலில்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஷிமானோவே 1970களில் விற்ற பாசிட்ரானில் படி பின்கருவிக்குள் இருந்தது.

அந்த அளவு எப்படி வருகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், கையேட்டுக்கு உதவும். எட்டுப் பல்சக்கர ஷிமானோ அமைப்பில் நெம்புகோல் ஒரு படி நகர்ந்தால் கேபிள் சுமார் 2.8 மி.மீ. இழுபடும். பின்கருவி அதை ஏறத்தாழ 1.7 மடங்காக்கிப் பக்கவாட்டில் நகரும். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 4.8 மி.மீ. அடுத்தடுத்த பல்சக்கரங்களின் இடைவெளியும் அதுதான். பத்துப் பல்சக்கரம் என்றால் இடைவெளி 3.95 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். நெம்புகோல், கருவி, பல்சக்கரம் மூன்றும் ஒரே கணக்கில் பிறந்திருந்தால்தான் படி பொருந்தும். கேபிள் கொஞ்சம் நீண்டாலோ, பின்கருவி தொங்கும் காது லேசாக வளைந்தாலோ கணக்கு தப்பிவிடும். பின்கருவியில் கேபிள் நுழையும் இடத்துத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கைப்பத வகையில் இந்தத் தலைவலி கிடையாது. பிரெஞ்சு ஹூரே நெம்புகோல், இத்தாலியக் கருவி, ஜப்பானியப் பல்சக்கரம் என்று எதை எதோடு கலந்தாலும் கை சமாளித்துக்கொள்ளும். பழைய சைக்கிளை மீட்டெடுப்பவர்கள் பலர் இதை விரும்புவதற்கு ஏக்கத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பாகத்துக்கு அதே வரிசையில் ஜோடி தேடி அலைய வேண்டியதில்லை.

> 'படியிலாக் கியர்' என்றால் இரண்டுக்கும் ஒரே வேர், மனத்தில் நிற்கும்.

நிற்கும், ஆனால் ஸ்கூட்டரில் இருக்கிறதே, விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும் அந்தத் தானியங்கி அமைப்பு, அதற்கல்லவா படியிலா என்பது பொருந்தும். நம் சைக்கிளில் பின்னால் ஐந்து பல்சக்கரம் இருந்தால், முன்னால் உள்ள ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஐந்து விகிதம்தான். படி இல்லாதது நெம்புகோலின் பாதையில் மட்டும். தவிர, ஒன்றை அதில் இல்லாததைச் சொல்லி அழைப்பது எனக்கு உவப்பில்லை. அதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்வோம்.

இருப்பது கைப்பதம்.

> கைப்பதம் சமையல்கட்டுச் சொல். தொழில்நுட்ப நூலில் எடுபடுமா?

ஏன் எடுபடாது? பட்டறைக்காரரும் பதம் பார்க்கிறார், கொத்தனாரும் பதம் பார்க்கிறார். அளவுகோல் இல்லாமல் கையும் காதும் கண்ணும் சேர்ந்து சரியான இடத்தைக் கண்டுகொள்வதற்கு நம்மிடம் வேறு சொல் இல்லை. இன்னொரு வசதி, வினைச்சொல் கூடவே வந்துவிடுகிறது. சங்கிலி ஏறிய பிறகு மயிரிழை திருப்பி விடுவதை ஆங்கிலத்தில் 'டிரிம்' என்கிறார்கள். 'ஏறியதும் நெம்புகோலைப் பதம் பார்த்து நிறுத்துக' என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

அந்தக் காலத்துக் கருவிகளே கைப்பதத்தைக் கேட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நுவோவோ ரெக்கார்ட் பக்கவாட்டில் நேராக நகரும். பல்சக்கரங்களோ கூம்பாக அடுக்கியிருக்கும். அதனால் சங்கிலியை வழிநடத்தும் சின்ன உருளைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒவ்வொரு கியரிலும் வேறு வேறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறு அளவு இழுப்பு, வேறு அளவு கூடுதல். சன்டூர் 1964இல், பின்கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தும் இணைகர வடிவச் சட்டத்தைச் சாய்த்து வைத்தது. கூம்பின் சரிவோடு கருவியும் சரிந்து போகும், இடைவெளி பெரிதாக மாறாது. அந்தக் காப்புரிமை 1984இல் முடிந்தது. அதே ஆண்டில் வந்த 7400இல் ஷிமானோவும் சாய்ந்த இணைகரத்தை எடுத்துக்கொண்டது. படி பிடிபட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எது நல்லது என்று கேட்டவருக்கு: போட்டி ஓட்டுவதானால் படிக் கியர், யோசிக்கவே வேண்டாம். 1990இல் பிரேக் நெம்புகோலுக்குள்ளேயே கியரும் வந்த பிறகு கை ஹேண்டில்பாரை விட்டு நகர வேண்டிய தேவையே போய்விட்டது. செங்குத்தான மேட்டில் முழு அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றலாம். கைப்பத வகையில் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், ஒரு கையை எடுக்க வேண்டும், மேடு வரும் முன்பே யோசித்து மாற்றிவிட வேண்டும். நான் ஓட்டுவது கைப்பத வகை. எனக்கு அவசரம் இல்லை.

அடுத்து 'டீரெயிலர்', அதாவது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. மேலே பின்கருவி என்று எழுதிச் சமாளித்தேன். பிரெஞ்சில் இதன் நேர்ப்பொருள் தடம்புரள வைப்பது. 'தடம்புரட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ரயில் விபத்துச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. 'சங்கிலி மாற்றி' என்பதும் சரிவராது. சைக்கிள் கடையில் செயின் மாற்ற வேண்டும் என்றால் பழசைக் கழற்றிப் புதுசு போடுவது. 'தடமாற்றி' போதும்: முன் தடமாற்றி, பின் தடமாற்றி. டூர் டி பிரான்ஸில் தடமாற்றியை 1937இல்தான் அனுமதித்தார்கள், ஓட்டம் தொடங்கி முப்பத்துநான்கு ஆண்டு கழித்து. அந்த ஆண்டு வென்ற ரோஜே லாபெபியும் தடமாற்றியோடுதான் ஓட்டினார்.

'கியர்' என்பதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பாடநூலில் வரும் 'பல்லிணை' அழகான சொல். ஆனால் அது பல்லோடு பல் இணைவதைச் சொல்கிறது. சைக்கிளில் இரண்டு பல்சக்கரமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவில் சங்கிலி. காட்டர் பின், பால்ரஸ், வால்டியூப் எல்லாம் தமிழாகிவிட்ட நாட்டில் கியர் மட்டும் என்ன பாவம் செய்தது?

'ரெஸ்டோரேஷன்' பற்றிய பேச்சை வேறு இழைக்கு நகர்த்தக் கோருகிறேன். ஓவராயில் வேறு, புதுப்பிப்பது வேறு, அந்த ஆண்டில் இருந்த நிலைக்கு மீட்டெடுப்பது வேறு. மூன்றையும் இங்கே கலந்தால் எதுவும் முடியாது. பிரிட்டிஷ் மரைக்கும் இத்தாலிய மரைக்கும் உள்ள வேறுபாட்டையும் அந்த இழையிலேயே பேசிக்கொள்ளலாம். பெடல் அச்சின் வலது கிண்ணம் பிரிட்டிஷ் சைக்கிளில் இடமரை, இத்தாலியச் சைக்கிளில் வலமரை. இது தெரியாமல் நீளக் கம்பி மாட்டித் திருகி மரையை நாசம் செய்தவர்கள் உண்டு.

ஒரு சொல் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. சைக்கிளின் மேல் குழாய்க்கு 'பார்' என்ற பெயர் குரங்குப் பெடல் அடித்த எல்லோருக்கும் தெரியும். இந்த நெம்புகோல்கள் பூட்டியிருக்கும் குழாயைத்தான் மடல் முழுக்கச் சரிவுக் குழாய், அந்தக் குழாய் என்று சுற்றிவளைத்து எழுதியிருக்கிறேன். 'கீழ்க்குழாய்' என்று வைக்கலாம் என்று பார்த்தால், பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள் அதைவிடக் கீழே இருக்கின்றன. உங்கள் ஊர் சைக்கிள் கடையில் இதற்கு ஏதாவது பெயர் புழங்கினால் எழுதுங்கள். கடைக்காரரைக் கேட்டுவிட்டு எழுதினாலும் சரி.