அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே தும்பா, உமியா?

மேல்மாடி_தெஹிவளை:
அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. அதன் கீழே மரச்சட்டத்தில் அடித்த 4.5 மி.மீ. சீலிங் பலகை, மத்தியானத்தில் தொட்டாலே சுடுகிறது. கண்ணாடிக் கம்பளி வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் ஒரே பிடி. 12×14 அடி அறைக்கு மேலே தென்னந்தும்பு விரிப்புப் போடலாமா, உமி கொட்டலாமா? எது வெப்பத்தைக் கூடத் தடுக்கும்? பிறகு ஏசி பூட்டும் யோசனையும் உண்டு.

சலாகை:
காய்ந்திருக்கும்வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வெப்பக் கடத்தாறு (வெப்பத்தைக் கடத்தும் அளவு, W/m·K; குறைந்தால் நல்லது) 0.04–0.06 அளவில்தான்; கண்ணாடிக் கம்பளியும் 0.04ஐ ஒட்டித்தான். பாரத்தைப் பாருங்கள். உங்கள் அறை 15.6 சதுர மீற்றர். உமியை 100 மி.மீ. கொட்டினால், கன மீற்றருக்கு 100 கிலோப்படி 156 கிலோ. அந்தப் பலகை தொய்ந்துவிடும், எலிக்கும் கொண்டாட்டம். 80 கிலோ அடர்த்தியுள்ள தும்பு விரிப்பு 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய 62 கிலோ. அதையும் பலகையில் சுமத்தாமல், சட்டங்களுக்குக் குறுக்கே கம்பிவலை அடித்து அதன்மேல் விரியுங்கள்.

ஏசி இல்லாத அறைக்கு 50 மி.மீ. போதும். சீலிங் சுடுவது நிற்கும், ஆனால் யன்னலால் வரும் 31 பாகைக் காற்றைத் தும்பு குளிராக்காது.

ஈரப்பதன்:
தும்புக்கு முதல் பொயில் (பளபளக்கும் அலுமினியத் தாள்). வெயிலேறிய சீற் 60 பாகையையும் தாண்டும். கீழே இறங்குவதில் பெரும்பங்கு கதிர்ப்பு. பொயிலை, சீற்றைத் தாங்கும் மரச் சலாகைகளின் அடியில், பளபளப்புப் பக்கம் கீழ்நோக்க அடியுங்கள். கீழே குறைந்தது 25 மி.மீ. காற்றிடைவெளி வேண்டும். தும்பின்மேல் விரித்தால் தூசி படிந்து, கொடுத்த காசு வீண். மரத்தில் மட்டும் அடியுங்கள், சீற்றைத் துளைக்கவோ வெட்டவோ வேண்டாம். அந்தத் தூசி ஆபத்து.

விரிப்பை 100 லீற்றர் தண்ணீரில் வெண்காரம் 2.5 கிலோ, போரிக் அமிலம் 2.5 கிலோ கரைத்து நனைத்து, நன்றாகக் காயவிட்டு ஏற்றுங்கள். கறையானும் பங்கசும் அண்டாது. ஆனால் கூரை ஒழுகினால் மருந்து கழுவுப்பட்டுவிடும். ஆகவே ஒழுக்கை முதலில் அடையுங்கள்.

மேல்மாடி_தெஹிவளை:
நன்றி. ஏசி பூட்டினால் ஈரத்தைத் தடுக்கும் பொலித்தீன் தும்புக்குக் கீழேதானே? இணையத்தில் பார்த்த படங்களில் எல்லாம் அப்படித்தான்.

ஈரப்பதன்:
அவை குளிர்நாட்டுப் படங்கள். அங்கே ஈரம் சூடான அறையிலிருந்து வெளியே போகும். கொழும்பில் நேர்மாறு. வெளியே 30 பாகை, சாரீரப்பதன் 80% என்றால் பனிபடுநிலை (காற்றிலுள்ள ஆவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) 26 பாகை. உங்கள் சீலிங் 24இல் நிற்கும். பொலித்தீன் கீழே இருந்தால் ஆவி மேலிருந்து தும்புக்குள் இறங்கி, பொலித்தீன்மேல் தண்ணீராய்த் தேங்கும். தும்பு வெப்பத்தைத் தடுப்பது உள்ளே சிக்கிய காற்றால்தான்; அசையாக் காற்றின் கடத்தாறு 0.026, தண்ணீருடையது 0.6. நனைந்த தும்பு எதற்கு உதவும்? ஏசி அறைக்கு மட்டும் பொலித்தீனைத் தும்புக்கு மேலே போட்டு, மூட்டுகளை ரேப்பால் ஒட்டுங்கள். மற்ற அறைகளுக்குத் தேவையில்லை.

சலாகை:
சீலிங்கில் பதித்த லைற் இருந்தால் சுற்றிவர 75 மி.மீ. தும்பில்லாமல் விடுங்கள். மருந்தடித்த தும்பும் புகைந்து கனலும்.