ஆசான் திருத்தித் தருவதாக வாங்கிய கவிதைகள் அவர் தொகுப்பிலேயே வந்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

தாழம்பூ கேட்டது:

தெரிந்த மாணவி ஒருவர், வயது 19. வெண்பாவும் புதுக்கவிதையும் எழுதுவார். பெயர் பெற்ற கவிஞர் ஒருவரிடம் நோட்டோடு கொடுத்துத் திருத்தம் வாங்கி வந்தார். "இன்னும் பக்குவம் வரல, வேற யார்கிட்டயும் காட்டாதே, பத்திரிகைக்கும் அனுப்பாதே" என்பதுதான் எப்போதும் கிடைத்த பதில். இப்போது அந்தக் கவிஞரின் புதுத் தொகுப்பில் மாணவியின் ஆறு கவிதைகள், அங்கங்கே சொல் மாறி, வந்திருக்கின்றன. கேட்டால், "நான் கை வைக்கலேன்னா அது கவிதையே இல்லை, பாதி என்னுடையது" என்கிறார். திருத்தியவருக்கு உண்மையிலேயே உரிமை உண்டா? நோட்டு இன்னும் அவரிடமே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

சீர்பிரிப்பான்:

முதலில் திருத்தம் எது, எழுத்து எது என்று பிரியுங்கள். உதாரணத்துக்கு ஒரு குறள் வெண்பா கட்டித் தருகிறேன். மாணவி இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

மழைவந்து போன தெருவினில் குழந்தை
எழுதும் கவிதைப் படகு

"தெருவினில்" கருவிளம், அதாவது இரண்டு நிரையசை சேர்ந்த விளச்சீர். வெண்பாவில் விளச்சீருக்குப் பின் நேரசை (மெய்யை விட்டால் ஓரெழுத்து அசை) வரவேண்டும். "குழந்தை" நிரையில் (மெய்யை விட்டால் ஈரெழுத்து அசை) தொடங்குகிறது. சீருக்கும் சீருக்குமான இணைப்பு, அதாவது தளை, தட்டுகிறது. "தெருவில்" என்று ஆக்கினால் புளிமா (நிரை, நேர்); மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும், சரியாகிவிட்டது. இதுதான் திருத்தம். ஓர் எழுத்து போயிற்று; காட்சியும் படகும் அதே இடத்தில் இருக்கின்றன. யாப்பு தெரிந்த எவரும் இதே இடத்தில் இதையேதான் செய்வார். இதைச் செய்ததால் ஒருவர் ஆசிரியராகிவிட மாட்டார். இரண்டாம் அடியையே எடுத்துவிட்டு வேறு காட்சியை வைத்திருந்தால் அது வேறு பேச்சு.

இன்னொரு தந்திரமும் உண்டு. சரியான பாட்டைப் பார்த்து, "குழந்தை எழுதும், இங்க தளை தட்டுது" என்று சொல்லிவிடுவது. தட்டவில்லை. குழந்தை புளிமா, "எழு" நிரை. பிள்ளைக்கு அலகிட, அதாவது சீரை அசையாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்ற தைரியத்தில் வரும் பேச்சு அது. எங்கே, எந்தச் சீர், எந்தத் தளை என்று சொல்லாமல் "ஜீவன் இல்லை", "ஓட்டம் இல்லை" என்றே மாதக்கணக்கில் சொல்பவரிடம் அடுத்த கவிதையைக் கொடுக்க வேண்டாம். பொறாமை திட்டி வெளிப்படுவது குறைவு. இந்த மாதிரி மழுப்பலில்தான் வெளிப்படும். பிள்ளையின் முதல் தொகுப்புக்கு இருப்பதிலேயே சுமாரான கவிதைகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதும் இதே ரகம். நல்லது தன்னிடம் தங்கும், பிள்ளைக்கும் மோசமான விமர்சனம் கிடைக்கும்.

ஆறு கவிதைகளையும் அடிக்கு அடி பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். எது அப்படியே, எது அசை மாற்றம், எது புதுச் சொல், எது புது அடி என்று நான்கு நிறத்தில் குறியுங்கள். "பாதி என்னுடையது" என்பதன் நிஜ அளவு அதில் தெரிந்துவிடும்.

பிரிவு57:

இந்தியாவில் இருப்பவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுதியவரே முதல் உரிமையாளர். பதிவு கட்டாயமில்லை, எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும். கூட்டாசிரியர் என்று சொல்ல இருவரும் சேர்ந்து படைத்திருக்க வேண்டும், ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி இருக்க வேண்டும். மேலே சொன்ன "தெருவில்" மாதிரித் திருத்தம் அதற்குள் வராது. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்தன்மை வேண்டும் என்றது. நிறுத்தக்குறி போட்டதும் எழுத்துப்பிழை நீக்கியதும் அங்கே உரிமை தரவில்லை.

பிரிவு 57 இன்னும் முக்கியம். உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டாலும், "இதை எழுதியது நான்" என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மழைக்குப் பிந்தைய தெருவில் காகிதப் படகு என்ற எண்ணத்தை மட்டும் எடுத்து, வேறு சொற்களில் அவர் எழுதியிருந்தால் வழக்கு நிற்காது. ஆறில் இரண்டு அப்படி இருந்தால் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். பலவீனமானதையும் சேர்த்துக் குற்றம் சாட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் உடைப்பார்.

தாழம்பூ:

நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. "என் கவிதைகளை வெளியிட ஐயாவுக்குச் சம்மதம் தருகிறேன்" என்று ஒரு தாளில் கவிஞர் மாணவியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வேறு விவரம் எதுவும் அதில் இல்லை.

பிரிவு57:

பயப்பட வேண்டாம். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, பணம் எவ்வளவு என்பதெல்லாம் குறிக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 19. காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். அந்தத் தாளை அதிகபட்சம் வெளியிட அனுமதி என்று வாதிடலாம், அவ்வளவுதான். அவர் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி என்று அதில் எங்கே இருக்கிறது?

மெய்ப்புக்காரன்:

நோட்டு கவிஞரிடம் இருப்பதுதான் சிக்கல். ஆனால் நோட்டு மட்டுமே ஆதாரம் என்று நினைக்காதீர்கள். மாணவி கவிதையைப் போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பியிருப்பார், வாட்ஸாப் குழுவில் போட்டிருப்பார், போட்டிக்கு மின்னஞ்சல் செய்திருப்பார். கவிஞரிடமிருந்து வந்த "ரெண்டாவது அடியை மாத்து" மாதிரிக் குறுஞ்செய்தி எல்லாவற்றையும்விட வலுவானது, கவிதை அவரிடம் எந்தத் தேதியில் இருந்தது, யாருடையது என்பதை அவர் வாயாலேயே சொல்லும். உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள், ஆனால் அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். மறையும் செய்திகள் வசதி இயங்கினால் இப்போதே நிறுத்துங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள் (2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63), மூலக் கருவி கையில் இருந்தால் வேலை எளிது.

இவ்வளவும் கையில் சேரும் வரை அவருக்குப் போன் செய்யாதீர்கள். கோபத்தில் பேசினால் அடுத்த நிமிடமே அவர் பக்கத்துச் செய்திகள் அழியும். பிறகு நோட்டைத் திருப்பிக் கேளுங்கள், மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ. "எந்த நோட்டு?" என்று பதில் வந்தாலும் "தருகிறேன்" என்று வந்தாலும் உங்களுக்குப் பயன்.

அடுத்தது பதிப்பாளர். கவிஞரைவிட அவருக்குத்தான் நஷ்டப் பயம். அட்டவணை, தேதியுள்ள ஆதாரம், கோரிக்கை மூன்றையும் இரண்டே பக்கத்தில் அனுப்புங்கள். விற்பனை நிறுத்தம், அடுத்த அச்சில் நீக்கம் அல்லது மாணவியின் பெயர், எழுத்தில் விளக்கம். பதிலுக்கு 15 நாள். அசையவில்லை என்றால் வழக்கறிஞர் நோட்டீஸ். வழக்கை மாணவி வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஃபேஸ்புக்கில் முதலில் கொட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. "திருடன்" என்று எழுதிய பிறகு அவதூறு நோட்டீஸ் வரும், பேச்சு அங்கே திரும்பிவிடும். எழுதியே ஆகவேண்டும் என்றால் இரண்டு பிரதிகளையும் தேதியோடு பக்கம் பக்கமாக வையுங்கள், அடைமொழி வேண்டாம்.

கார்குழலி:

இனிமேலைக்கு: நோட்டைக் கொடுக்கவே வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு கவிதைகள், மின்னஞ்சல் உடலிலேயே தட்டச்சு செய்து, தனக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். திருத்தமும் அதே மடலில் பதிலாக வரட்டும். கவியரங்கத்தில் ஆசான் வாயால் வாசித்துவிட்டால் தடயமே இருக்காது, அதனால் அனுப்பும் முன் ஒன்றிரண்டையாவது இணைய இதழிலோ சொந்தப் பக்கத்திலோ போட்டுவிடுவது நல்லது. மற்றவற்றைத் தொகுப்பாகச் சேர்த்துப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரே இலக்கியப் படைப்பாகப் பதியலாம், கட்டணம் ₹500. விண்ணப்பித்ததும் அந்த விண்ணப்பத்துக்கு ஒரு டைரி எண் கிடைக்கும், ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணை உரிமைச் சான்று என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். அது புத்தகத்துக்கு அடையாள எண், அவ்வளவுதான்.

சீர்பிரிப்பான்:

கார்குழலி சொன்னதோடு ஒன்று. அந்தப் பெண்ணுக்கு அலகிடக் கற்றுக்கொடுங்கள். அசை, சீர், தளை மூன்றும் ஒரு வாரத்தில் பிடிபடும். பிறகு "தட்டுது" என்று எவர் சொன்னாலும் "எந்தச் சீர்ல ஐயா?" என்று கேட்கட்டும். ஆறு கவிதைகளின் அட்டவணையை, பெயர்களை மறைத்துவிட்டு, இங்கே போட்டால் நிறம் குறித்துத் தருகிறேன்.