பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லித்தருவது யார் வேலை?

ஊட்டி அறிவியல் டீச்சர்:
எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். 8, 9ஆம் வகுப்புகளில் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் வாரம் ஒரு பீரியடைத் தங்கள் பாடத்தை வாசிக்கவும் அதில் எழுதவும் சொல்லித்தர என்றே ஒதுக்கலாம் என்றேன். "வாசிப்பெல்லாம் தமிழ் டீச்சர் வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

கொதிநிலைப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிள்ளைகள் வெப்பமானியில் பார்ப்பது அதைத்தான், ஆனால் ரெக்கார்டு நோட்டில் எழுதுவது 100. கேட்டால் "புக்குல 100னு இருக்கு டீச்சர்" என்கிறார்கள். அந்த 100 இயல்பான வளிமண்டல அழுத்தத்துக்கு உரியது. அந்த நிபந்தனையைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. இவர்கள் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவர்கள். இந்த ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரிந்தவர்கள். அறிவியல் வாக்கியத்தில் நிபந்தனையைத் தேடிப் பிடிக்க வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்று யாரும் பழக்கவில்லை. அதைத் தமிழ் டீச்சர் எப்படிப் பழக்குவார்? சொல்லுங்கள்.

கூடலூர் ஆசிரியர்:
டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் முழுக்க எதிர்க்கிறேன். என் வகுப்பில் பணியர் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 8ஆம் வகுப்பில் ஒரு பத்தியை எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையிடம் போய் "நிபந்தனையைத் தேடு" என்று நான் எப்படிச் சொல்வேன்? கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்டத்தான் அரசே 2022இல் எண்ணும் எழுத்தும் என்று ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் திட்டம் கொண்டுவந்தது. முதலில் சரளமாக வாசிக்கட்டும். அதற்கே நேரம் போதவில்லை.

இன்னொன்று, பாடத்திட்டம். ஜூலை, ஆகஸ்டில் மழைக்கு எத்தனை நாள் லீவு விடுகிறார்கள் என்று இந்த மலையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி ஆண்டில் பாடத்தை முடிப்பதே பெரிய காரியம். அதில் வாரம் ஒரு பீரியடையும் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

குன்னூர் கணக்கு:
கூடலூர் சார், சரளமாக வாசிக்கிறவர்களும் கணக்கில் விழுகிறார்களே, அதற்கு என்ன பதில்? என் 9ஆம் வகுப்பில் கொடுத்த கணக்கு இது: "100 கிலோ பச்சைத் தேயிலைக் கொழுந்தில் ஈரப்பதம் 75%. வாட்டிய பிறகு ஈரப்பதம் 60%. இப்போது எடை எவ்வளவு?" பாதி வகுப்பு 85 கிலோ என்று எழுதியது. 75இலிருந்து 60ஐக் கழித்தால் 15, அதை 100இல் கழித்தால் 85. கழித்தலில் ஒரு தவறும் இல்லை. ஆனால் 75% என்பது முதல் எடையில், 60% என்பது வாட்டிய பிறகு உள்ள எடையில். இரண்டு சதவீதமும் ஒரே எடையைப் பற்றியவை அல்ல. ஈரம் போக மிச்சமுள்ள 25 கிலோ மட்டும் மாறாமல் நிற்கிறது. அது இப்போது மொத்தத்தில் 40%. அப்படியானால் விடை 62.5 கிலோ.

இதில் பல பிள்ளைகளின் அப்பா அம்மா கொழுந்து பறிக்கிறவர்கள். வாட்டினால் எவ்வளவு எடை இறங்கும் என்பது வீட்டில் காதில் விழுகிற பேச்சு. ஆனாலும் 85.

அப்புறம் நான் விடையே போடாமல் ஒரு பீரியட் முழுக்க அந்த மூன்று வரியை மட்டும் வாசிக்க வைத்தேன். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் "எதில்?" என்று எழுதச் சொன்னேன். முதல் எண்ணுக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள். 60இன் பக்கத்தில் வந்ததும் வகுப்பே நின்றுவிட்டது. அங்கேதான் கணக்கு இருக்கிறது என்று அவர்களாகவே பார்த்தார்கள். கதையை ஒரு தடவை வாசித்தால் போதும். கணக்கை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அதைக் கணக்கு ஆசிரியர்தான் காட்டித் தர முடியும்.

கோத்தகிரி அம்மா:
நான் ஆசிரியை இல்லை, இரண்டு பிள்ளைகளின் அம்மா. படகர் வீடு, எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில்தான் இருக்கிறோம். என் மகளுக்கு நீலகிரி வரலாறு பற்றி எழுதி வரச் சொன்னார்கள். ஆங்கிலேய கலெக்டர் சல்லிவன் 1819இல் வந்து கண்டுபிடிக்கும் வரை இது ஆளில்லாத காடாக இருந்தது என்று எழுதியிருந்தாள். ஏதோ சுற்றுலா இணையதளத்தில் இருந்ததை அப்படியே எடுத்திருக்கிறாள். சல்லிவன் கட்டிய கன்னேரிமுக்கு பங்களா எங்களுக்குப் பக்கம்தான். அதைச் சுற்றி இருப்பதே படகர் ஊர்கள். 1603லேயே ஃபினிசியோ என்ற பாதிரியார் மலையேறி வந்து தோடர்களையும் படகர்களையும் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1812இலேயே ஆங்கிலேய நில அளவையாளர்கள் வந்திருக்கிறார்கள். தன் பாட்டன் முப்பாட்டன் இருந்த ஊரை ஆளில்லாத காடு என்று என் மகள் தன் கையாலேயே எழுதுகிறாள், அதற்கு "குட்" போட்டு நோட்டு திரும்பி வருகிறது. என்னால் தாங்க முடியவில்லை.

இதை எழுதியது யார், எப்போது, யார் படிப்பதற்காக எழுதினார் என்று கேட்க என் மகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். வாரம் ஒரு பீரியட் அதற்குப் போனால் எனக்குச் சம்மதம்.

ஊட்டி அறிவியல் டீச்சர்:
அம்மா சொன்னதைத்தான் ஆய்வும் சொல்கிறது. அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்பவர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்களையும் நன்றாகப் படிக்கிற பள்ளி மாணவர்களையும் ஒரே ஆவணங்களை வாசிக்க வைத்தார். வரலாற்றாசிரியர்கள் முதலில் எழுதியவர் யார் என்று பார்த்தார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து தகவலை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கூடலூர் ஆசிரியர்:
ஆய்வு என்று வந்ததால் நானும் சொல்கிறேன். 2008இல் திமோதி ஷனஹான், சிந்தியா ஷனஹான் இருவரும் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் எல்லோரும் காட்டுவது. அதில் வாசிப்பை மூன்று அடுக்காகப் போடுகிறார்கள். அடியில் எழுத்தறிவு, நடுவில் எல்லாப் பாடத்துக்கும் பொதுவான வாசிப்பு, உச்சியில்தான் நீங்கள் சொல்கிற பாடவாரியான வாசிப்பு. அடி அடுக்கு இல்லாத பிள்ளைக்கு உச்சியில் என்ன வேலை? ஊட்டியில், குன்னூரில் நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் இதனால் இன்னும் மேலே போவார்கள். என் பிள்ளைகள் இன்னும் பின்னால் தங்குவார்கள். என் பயம் அதுதான்.

தேர்வையும் மறந்துவிடக் கூடாது. பொதுத்தேர்வில் விடைக்குறிப்பில் உள்ள முக்கியச் சொற்கள் வந்தால் மதிப்பெண். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாய் என்று தனியாக ஒரு மார்க் யாரும் தரப் போவதில்லை.

மஞ்சூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அடி அடுக்கு உறுதியாக வேண்டும் என்பதில் தம்பி சொல்வது சரி. ஆனால் அது முடிந்த பிறகுதான் அடுத்தது என்றால் அந்த நாள் பல பிள்ளைகளுக்கு வரவே வராது. பள்ளிப் படிப்பே முடிந்துவிடும். அந்தக் கட்டுரையும் அடி அடுக்கு வந்துவிட்டால் உச்சி தானாக வரும் என்று சொல்லவில்லை, தனியாகக் கற்றுத்தர வேண்டும் என்றுதான் வாதிடுகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குப் பத்துப் பக்கம் கொடுத்தால் மலைத்துப் போவான். குன்னூர்க்காரர் கொடுத்தது மூன்று வரி. மெதுவாக வாசிக்கிறவனுக்கு அது தோதான அளவு. அங்கே வேகம் கேட்கவில்லை, நின்று பார்ப்பதைத்தான் கேட்கிறார்கள்.

தமிழ் வகுப்பில் நான் ஒரு கவிதைக்கு நான்கு பொருள் சொல்லலாம் என்று பழக்கினேன். அதே பழக்கத்தோடு வேதியியல் செய்முறையை வாசித்தால் விபரீதம். அதை நான் சொல்லித்தர முடியாது, எனக்குத் தெரியவும் தெரியாது.

கூடலூர் ஆசிரியர்:
ஐயா, அளவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மூன்று வரி என்றால் என் வகுப்பிலும் கொடுக்கலாம். தனி பீரியட் ஒதுக்குவதை இன்னும் எதிர்க்கிறேன். அதை ஒதுக்கினால் கொஞ்ச நாளில் அதுவும் போர்டில் எழுதிப்போட்டு நோட்டில் எடுக்கிற இன்னொரு பாடமாகிவிடும்.

குன்னூர் கணக்கு:
அந்த ஆபத்து உண்டு சார். ஆனால் தனியாக ஒதுக்காவிட்டால் மழை லீவு வந்ததும் முதலில் போவது இதுதான். தேர்வைப் பற்றி ஒன்று: கூற்று-காரணம் வினாக்களைப் பாருங்கள். இரண்டு வாக்கியமும் சரியாக இருக்கும், ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்காது. அங்கே மனப்பாடம் மட்டும் கைகொடுக்காது. உங்கள் பிள்ளைகள் அதில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று போன காலாண்டுத் தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். நானும் என் வகுப்புத் தாள்களைப் பார்த்து எழுதுகிறேன். அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.