இன்கா பாதையா, சோக்கெகிராவா?

கேள்வி:
வரும் மே மாதம் என் தாயாருடன் பெரு நாட்டுக்குச் செல்லவிருக்கிறேன். அவருக்கு 62 வயது. தினமும் நடப்பவர், ஆனால் மலையேறிப் பழக்கமில்லை. வழிகாட்டியுடன் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சுவை அடையும் இன்கா பாதை அவருக்கு ஏற்றதா, அல்லது கூட்டம் குறைவான, இன்கா இடிபாடுகள் உள்ள சோக்கெகிராவுக்குச் செல்லலாமா?

பதில் 1:
இன்கா பாதையின் தூரம் ஏறத்தாழ 43 கிலோமீட்டர்தான். ஆளைச் சோதிப்பது உயரம். இரண்டாம் நாள் 4,215 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்ததும் தொடங்கும் கற்படிகள் சீராக இல்லாமல், சில முழங்கால் அளவு உயர்ந்திருப்பதால், ஏற்றத்தைவிட இறக்கமே மூட்டுகளை வாட்டும். 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவில் இரண்டு மூன்று நாள் தங்கி, உடல் பழகிய பிறகே புறப்படுங்கள். சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி என்பதால், மே மாதத்துக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

பதில் 2:
சோக்கெகிராவ் வேண்டாம் என்பதே என் கருத்து. படிக்கட்டு வயல்களின் சுவரில் வெண்கற்களால் பதித்த லாமா உருவங்கள் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 1,500 மீட்டர் இறங்கி, கொளுத்தும் வெயிலில் மறுகரையில் அதே அளவு ஏறி, பெரும்பாலோர் வந்த வழியே திரும்புகின்றனர்.

பதில் 3:
அம்மாவுக்கு மச்சு பிச்சு செல்லும் ரயில் பாதையின் 104ஆம் கிலோமீட்டரில் தொடங்கும் ஒருநாள் நடை பொருந்தும். வினாய் வைனா இடிபாடுகளையும் இன்டி புங்கு எனும் சூரிய வாயிலையும் அதிலும் காணலாம். அந்த உயரக் கணவாய் குறுக்கிடாது. இதற்கும் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம்.