அப்பா, அம்மாவுக்கு ஏற்றபடி ஸ்மார்ட் வீடு: ஆலோசனை வேண்டும்

வணக்கம். கோவையில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீட்டில் கொஞ்சம் ஸ்மார்ட் வசதி செய்ய இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் சுவரைத் தடவித்தான் ஸ்விட்சைத் தேடுகிறார். அப்பாவுக்கு செல்போன் ஆப்பும் பிடிக்காது, குரல் கட்டளையும் பிடிக்காது. கேமரா கூடவே கூடாது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள், அது நியாயம்தான்.

அதனால் பழைய ஸ்விட்ச் அப்படியே வேலை செய்ய வேண்டும். அதன் பின்னால் ஜிக்பீ ரிலே (வயர்லெஸ்ஸில் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) வைத்து, வீட்டுக்குள்ளேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் இணைத்தால் இன்டர்நெட் போனாலும் ஓடும். சிக்கல், படுக்கையறை ஸ்விட்ச் போர்டில் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இல்லை. நியூட்ரல் இல்லாத ரிலே போட்டால் சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுக்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மினுக்கலைத் தடுக்க பல்புக்கு இணையாக பைபாஸ் கெபாசிட்டர் போட்டுச் சமாளிக்கலாமா, நியூட்ரல் இழுத்துவிடுவதே நல்லதா?

அப்புறம், ஆள் வந்தால் விளக்கைத் தானாக எரியவைக்கும் சென்சார். பிஐஆர் (உடல் வெப்பத்தை வைத்து அறியும் சென்சார்) அசைவை மட்டும்தான் பிடிக்கும்; அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளக்கு அணைந்துவிடும், அது ஆபத்து. அசையாமல் இருப்பவரையும் ரேடியோ அலையால் கண்டுபிடிக்கும் எம்எம்வேவ் ரேடார் சென்சாரை பாத்ரூமில் வைத்தவர்கள் இருந்தால், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அது ஏமாறுகிறதா என்று சொல்லுங்கள். கரண்ட் போய் வந்ததும் விளக்குகள் தானாக எரியாமல் இருக்க என்ன செட்டிங் வைத்தீர்கள்? பெரியவர்கள் இருக்கும் வீட்டில் செய்து பார்த்த அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.